மலைச்சரிவில் விழுந்த போர் விமானம்: வீரர்களின் எச்சங்களை மீட்டு ஊர் சேர்க்கும் வழிமுறை

இரண்டாம் உலகப் போரின்போது அசாமின் விமானத் தளங்களிலிருந்து இமயமலையின் கிழக்கு மூலையைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு போனது. அந்த வான்வழிக்கு விமானிகள் வைத்த பெயர் ‘ஹம்ப்’, அதாவது திமில். 1942 முதல் 1945 வரை அதைத் தாண்டப் போய் சுமார் 600 அமெரிக்க விமானங்கள் விழுந்தன. பல விமானங்கள் இன்றைய அருணாச்சலப் பிரதேசத்துக் காடுகளில் அப்படியே கிடக்கின்றன. இந்திய மண்ணில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இன்றும் ‘காணாமல் போனோர்’ பட்டியலில்தான் இருக்கிறார்கள். இவர்களைத் தேடி எடுப்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போர்க்கைதிகள் மற்றும் காணாமல் போனோர் கணக்கெடுப்பு முகமை. சுருக்கமாக டிபிஏஏ.

அப்படி ஒரு மலைச்சரிவு விபத்து இடத்தை எடுத்துக்கொண்டு, ஆவணம் தேடுவதிலிருந்து அடக்கம் வரை வேலை எப்படி நடக்கிறது என்று இங்கே எழுதுகிறோம். அகழாய்வு, தடய அறிவியல் மாணவர்களுக்கும், அந்தப் பக்கம் மலையேறுபவர்களுக்கும் இது உதவும். வியட்நாம், லாவோஸ், பாப்புவா நியூகினி எங்கே போனாலும் முறை ஏறக்குறைய இதுதான். மண்ணும் அனுமதி தரும் அலுவலகமும் மாறும்.

கீழே வரும் விதிகள் பலவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருக்கிறது: ஒரு குழியைத் தோண்ட ஒரு தடவைதான் வாய்ப்பு. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று அப்போதே எழுதவில்லை என்றால் அந்தத் தகவல் போனதுதான்.

முதல் மூன்று மாதம் காகிதத்தோடு

மலைக்குப் போகும் முன் இரண்டு ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, காணாமல் போன விமானக் குழு அறிக்கை. அமெரிக்க ராணுவ விமானப் படை 1943 மே முதல் இதை எழுதத் தொடங்கியது. விமானத்தின் எண், எஞ்சின்களின் எண்கள், பொருத்தியிருந்த எந்திரத் துப்பாக்கிகளின் எண்கள், ஏறியவர்களின் பட்டியல், கடைசியாகத் தொடர்பு கிடைத்த இடம், அன்றைய வானிலை எல்லாம் அதில் இருக்கும். மேரிலாந்தின் காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை கிடைக்கின்றன.

இன்னொன்று, இறந்த வீரருக்கென்று தனியாகப் பராமரிக்கப்பட்ட கோப்பு. உயரம், எடை, தலைமுடி நிறம், பல் வரைபடம் ஆகியவற்றோடு போர் முடிந்த பிறகு ராணுவக் கல்லறைப் பதிவுக் குழுக்கள் எங்கெல்லாம் தேடின, ஏன் கைவிட்டன என்பதும் அதில் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயி ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து எரிந்த பணிக் கோப்புகளோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எரிந்தவை 1912-க்கும் 1960-க்கும் இடையில் பணியிலிருந்து விலகிய தரைப்படையினரின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி. இறந்தவர் கோப்பு வேறு வரிசை. ‘எல்லாம் எரிந்துபோச்சு’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

பயணிகள் பட்டியலை இரண்டு முறை சரிபாருங்கள். ஹம்ப் வழியில் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓசியில் ஏறிக்கொண்டவர்கள் உண்டு. 8 பேர் என்று நினைத்துத் தோண்டி 9-வது ஆளின் பல் கிடைத்தால் ஆய்வக வேலை முழுவதும் தடுமாறும்.

சிதைவைப் பார்த்துவிட்டீர்களா?

மலையேறுபவரோ வேட்டைக்குப் போனவரோதான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். 1944 ஜனவரியில் குன்மிங்கிலிருந்து அசாமின் சாபுவாவுக்குத் திரும்பி வரும்போது தொலைந்த ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்ற பி-24 குண்டுவீச்சு விமானம் 2006-இல் அருணாச்சலத்தின் தம்ரோ ஊருக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க மலையேறி கிளேட்டன் கூல்ஸ் அதைக் கண்டார். அதை முறையாகத் தோண்டியது 2015-இல். கண்டுபிடிப்புக்கும் அகழாய்வுக்கும் இடையில் இத்தனை ஆண்டு ஓடலாம் என்பதால் முதலில் பார்ப்பவரின் குறிப்பு துல்லியமாக இருக்க வேண்டும்.

எதையும் எடுக்காதீர்கள். எலும்பை மட்டுமல்ல, பெயர்ப் பலகையையும்கூட. பலகையைக் கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து, மூன்று கோணத்தில் படம் எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போகும்.

ஜிபிஎஸ் எண்ணை எழுதும்போது எந்த வடிவத்தில் எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். 28.50 டிகிரி என்பதை 28 டிகிரி 50 நிமிடம் என்று ஒருவர் படித்துவிட்டால் இடம் 37 கிலோமீட்டர் வடக்கே போய்விடும். அந்த மலைகளில் 37 கிலோமீட்டர் என்பது ஒரு வார நடை. மரக்கூரைக்குக் கீழே கருவி தடுமாறும். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் வைத்து, சராசரி எடுத்து எழுதுங்கள்.

பிறகு மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கும் தகவல் கொடுங்கள். சமூக ஊடகத்தில் இடத்தோடு படம் போடுவதுதான் செய்யக்கூடாத பெரிய தவறு. பழைய இரும்புக்காரரும் நினைவுப்பொருள் சேகரிப்பவரும் அடுத்த வாரமே அங்கே நிற்பார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் போர்க்காலத்திலிருந்தே அலுமினியத் தகட்டை எடுத்துப் பாத்திரமும் சாமானும் செய்திருப்பார்கள். அது வேறு விஷயம். அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல், எந்தத் துண்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். சிறகுத் தகடு எந்த ஓடையில் கிடந்தது என்று ஊர்ப் பெரியவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஆவணத்துக்கும் தெரியாது.

எந்த விமானம் என்று தெரிந்துகொள்வது

எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். தீயிலும் மோதலிலும் அதிகம் தப்புவது அதுதான். சிலிண்டர்களை எண்ணுங்கள். 18 சிலிண்டர் உள்ள எஞ்சின் இரண்டு என்றால் சி-46 சரக்கு விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம். 14 சிலிண்டர் எஞ்சின் இரண்டு என்றால் சி-47. அதே 14 சிலிண்டரில் நான்கு கிடந்தால் பி-24 குடும்பம்: குண்டுவீச்சு பி-24, சரக்கு சி-87, எரிபொருள் சுமக்கும் சி-109. இந்த மூன்றில் எது என்பதைத் துப்பாக்கி சொல்லும். அரை அங்குல எந்திரத் துப்பாக்கிகளும் 99 மில்லிமீட்டர் நீளமுள்ள அவற்றின் தோட்டா உறைகளும் நிறையக் கிடந்தால் அது பி-24 பக்கம் சாய்கிறது.

வாலில் எழுதிய எண்ணைப் படிக்கும்போது ஒரு சூட்சுமம். ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். ஆவணத்தில் 42-12345 என்றிருந்தால் வாலில் 212345 என்று இருக்கும்.

எஞ்சின் எண் ஒன்று பொருந்திவிட்டது என்றதும் முடிவு கட்டிவிட வேண்டாம். தளங்களில் எஞ்சினைக் கழற்றி மாற்றுவது அன்றாட வேலை. ஆவணத்தில் பழைய எண்ணே நின்றிருக்கலாம். எஞ்சின், துப்பாக்கி, வால் எண் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும்.

அனுமதி, பருவம், ஆட்கள்

அருணாச்சலத்தில் வெளிநாட்டுக் குழு வேலை செய்ய மத்திய அரசின் அனுமதியும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான தனி அனுமதியும் வேண்டும். மாநில அரசு, ராணுவம், நிலத்தின் மேல் உரிமையுள்ள கிராமம் ஆகியோரின் சம்மதமும் வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மழை அக்டோபர் தொடக்கத்தில் ஓய்கிறது, உயரத்தில் டிசம்பரில் பனி விழுகிறது. ஆகவே கையில் கிடைப்பது எட்டு வாரம்தான். அதில் ஏறி இறங்கும் நாள், முகாம் போடும் நாள் கழித்தால் உண்மையில் தோண்டுவது 30 நாள்.

குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எங்கே தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்பவர் அகழாய்வோ உடல் மானுடவியலோ படித்த அறிவியலாளர் ஒருவர். ராணுவ அதிகாரி தலைவராக இருந்தாலும் இந்த இரண்டு முடிவும் அறிவியலாளருடையது. கூடவே வெடிபொருள் நிபுணர், மருத்துவ உதவியாளர், புகைப்படக்காரர், மொழிபெயர்ப்பாளர், கயிறு கட்டத் தெரிந்த மலையேறி, பாராசூட் பக்கிளும் ஆக்சிஜன் குழாயும் பார்த்தவுடன் எந்தக் கருவியின் பாகம் என்று சொல்லக்கூடிய ஒருவர். மண் சுமக்க ஊர்க்காரர்கள் 30, 40 பேர். கூலியை முதல் நாளே பேசி முடியுங்கள். நடுவில் பேச ஆரம்பித்தால் ஒரு வாரம் போகும்.

வெடிபொருள் நிபுணர் இடம் முழுவதையும் பார்த்து முடிக்கும்வரை கடப்பாரை எதுவும் மண்ணைத் தொடக்கூடாது. குண்டு இல்லாத சரக்கு விமானத்திலும் ஆபத்து உண்டு. மஞ்சள் ஆக்சிஜன் சிலிண்டரில் இன்னும் அழுத்தம் இருக்கலாம். இருட்டில் ஒளிர்வதற்காக விமானத்து அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும் என்பதால் 80 ஆண்டு அதற்கு ஒன்றுமே இல்லை. சாயத்தைச் சுரண்டாதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தூசு மூச்சில் போகக்கூடாது.

கட்டம் போடுதல்

கீழடிப் படங்களில் பார்த்த அதே சதுரக் குழிகள்தான் இங்கேயும், ஆனால் சரிவில். முதலில் சிதைவுகள் கிடக்கும் பரப்பு முழுவதும் மெட்டல் டிடெக்டரோடு நடந்து, ஒலி வந்த இடமெல்லாம் சின்னக் கொடி நடுங்கள். கொடி எங்கே அடர்கிறது, எங்கே தேய்கிறது என்று வரைபடத்தில் தெரியும்போதுதான் குழியின் இடம் முடிவாகும். மூக்கு முன்னால் குத்தி விழுந்த விமானத்தில் முன்பகுதி மடிந்து நசுங்கிச் சிறிய இடத்தில் அமிழும்; வால் ஓரளவு முழுசாக மேலே கிடக்கும். சரிவில் உரசி விழுந்தது என்றால் சிதைவுகள் நீண்ட பட்டையாகப் பரவும். 80 மழைக்காலமும் எல்லாவற்றையும் கீழே தள்ளியிருக்கும், எனவே சரிவின் அடியிலுள்ள ஓடையையும் பார்க்காமல் விடாதீர்கள்.

பெரிய பாறை போன்ற அசையாத ஒன்றில் நிலைப்புள்ளியை வைத்து, அங்கிருந்து 4-க்கு 4 மீட்டர் கட்டங்களாக நூல் கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணும் எழுத்தும் கொடுங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் அளவு தப்பும். டேப்பை ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, மேல்முனையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கிக் கீழே முளை அடிக்க வேண்டும். 30 டிகிரிச் சரிவில் தரையோடு அளந்த 4 மீட்டர், கிடையாக வெறும் 3.46 மீட்டர்தான். பத்துக் கட்டம் தாண்டும்போது அரைமீட்டருக்கு மேல் வித்தியாசம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்து மீட்டராக நிற்கும். தூரத்தையும் கோணத்தையும் தானே அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைச் சுமந்து ஏற முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கீழ்வரிசைக் கட்டத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் பெயர்ந்த மண் உருண்டு, இன்னும் தோண்டாத கட்டங்களில் விழும். எந்தக் கட்டத்து எலும்பு எங்கே கிடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கீழிருந்து போனால் உருண்டது காலியான குழியில் விழும், கண்ணுக்கும் தெரியும். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மூங்கில் தட்டியும் தார்ப்பாயும் கட்டுங்கள். ஆனால் மேல் மண்ணை நெட்டுக்குத்தாக அறுத்துவிட வேண்டாம். படிபடியாக விட்டுத்தான் ஏற வேண்டும், ஈரச் சரிவு சொல்லாமல் இறங்கும்.

தோண்டுவது 10, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக. கடப்பாரையும் மண்வெட்டியும் மேல் மண்ணுக்குச் சரி. சிதைவு தென்பட்டதும் கொத்தனார் கரண்டி, மூங்கில் குச்சி, பிரஷ். மண்ணின் நிறம், இறுக்கம் மாறும் இடத்தில் நின்று படம் எடுங்கள். விமானமும் தீயும் தொடாத கன்னி மண் வந்த பிறகும் இன்னும் ஓர் அடுக்கு எடுத்துப் பார்த்து, எதுவும் இல்லை என்றால்தான் அந்தக் கட்டம் முடிந்தது. பக்கவாட்டிலும் அப்படியே: பொருள் கிடைத்த கட்டங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு வரிசையாவது வெறுமையாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு மண் என்று கணக்குப் போட்டுவிட்டே ஆளைக் கூட்டுங்கள். 4-க்கு 4 மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 3.2 கன மீட்டர். தோண்டிய மண் பொதபொதவென்று கால் பங்கு பெருகும். 4 கன மீட்டர். சரிவில் ஒருவர் தூக்கிக் கொடுக்கக்கூடிய வாளி 10 லிட்டர். ஆக ஒரு கட்டத்தின் ஓர் அடுக்குக்கு 400 வாளி. அறுபது கட்டம், இரண்டு அடுக்கு என்றால் 48,000 வாளி. 30 நாளில் முடிக்க நாளைக்கு 1,600 வாளி சல்லடைக்குப் போய்ச் சேர வேண்டும். பல குழுக்கள் பாதி இடத்தில் திரும்பி அடுத்த ஆண்டு வருவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

சல்லடை

உண்மையில் எலும்பு குழியில் கிடைப்பது குறைவு. சல்லடையில்தான் கிடைக்கும். மரச்சட்டத்தில் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை, அதாவது 6.35 மில்லிமீட்டர். மூங்கில் கால்களில் இடுப்பு உயரத்துக்கு நிறுத்துங்கள். குனிந்து பார்ப்பவர் ஒரு மணி நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆட்ட மட்டும்தான் செய்வார். ஒரு சட்டத்துக்கு இரண்டு பேர். வாளி வரும்போதே கட்ட எண், அடுக்கு எண் எழுதிய அட்டையும் கூட வர வேண்டும். அட்டை இல்லாத வாளியைச் சல்லடையில் கொட்டாமல் திருப்பி அனுப்புங்கள்.

இதில் ஒரு கணக்குப் பிசகு உண்டு. கீழ்த்தாடை முன்பல்லின் அகலம் 5 மில்லிமீட்டர் சொச்சம்தான். நெட்டுக்குத்தாக நின்றால் கால் அங்குலக் கண் வழியாக நழுவி விழுந்துவிடும். முதல் பல் கிடைத்த கட்டத்திலிருந்து, கீழே 3 மில்லிமீட்டர் வலை ஒன்றை இரண்டாவதாக மாட்டுங்கள். வேலை பாதி வேகத்துக்குக் குறையும். பரவாயில்லை. அந்தக் காட்டு மண் அமிலத்தன்மை உள்ளது. எலும்பின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்கிறது. எலும்பு முழுதும் கரைந்த இடத்திலும் பல்லின் எனாமல் நிற்கும். வெள்ளிக் கலவை அடைத்த பல் ஒன்று, கோப்பிலுள்ள பல் வரைபடத்தோடு சேர்ந்தால், ஒரு தொடையெலும்புக்குச் சமம்.

களிமண்ணாக இருந்தால் உலர் சல்லடையில் உருண்டை உருண்டையாக நிற்கும். பம்ப் வைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கும். அகலமாகத் தூவும் முனையைப் போடுங்கள். ஒற்றைத் தாரையாக அடித்தால் எரிந்த எலும்பு பிஸ்கட் மாதிரி உதிரும். கழுவிய நீர் ஊர் குடிக்கும் ஓடையில் கலக்காதபடி முதலில் குழி வெட்டித் தெளியவிடுங்கள்.

சல்லடையில் என்னவெல்லாம் ஏமாற்றும்? மூங்கில் வேரின் கணு விரலெலும்பு மாதிரியே இருக்கும். விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டு மழமழவென்று பழுத்த எலும்புபோலத் தெரியும். உருகி உறைந்த அலுமினியம் சாம்பல் நிறத்தில் வழிந்து கிடக்கும். அது 660 டிகிரியில் உருகும் என்பதால் அங்கே நெருப்பு அந்த அளவு போயிருக்கிறது என்பதும் கூடவே தெரிகிறது. எலும்பை உடைந்த விளிம்பில் பாருங்கள்: வெளியே இறுக்கமான ஓடு, உள்ளே ரஸ்க் மாதிரி பொந்து பொந்தாக. செம்பு, பித்தளைத் துண்டுகளை எடுத்ததும் அதன் அடியைக் கவனியுங்கள். செம்பின் உப்பு நுண்ணுயிரை அண்டவிடாது; மற்ற இடத்தில் கரைந்த எலும்பு அங்கே பச்சையேறிப் பத்திரமாக இருக்கும்.

நாக்கில் ஒட்டிப் பார்த்தால் எலும்பா கல்லா என்று தெரியும் என்று பழைய அகழாய்வுக்காரர்கள் சொல்வார்கள். ஒட்டும், உண்மைதான். உங்கள் டிஎன்ஏவும் அதில் ஒட்டும். இங்கே அது கூடாது. சல்லடையில் நிற்பவர் கையுறை போட வேண்டும், தும்மல் வந்தால் திரும்ப வேண்டும். குழுவிலுள்ள எல்லோரிடமும் முன்பே டிஎன்ஏ மாதிரி வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு கலப்படம் வந்தாலும் பிரித்துவிடலாம்.

சந்தேகமாக இருப்பதை எறியாதீர்கள், விவாதிக்கவும் வேண்டாம். ‘எலும்பாக இருக்கலாம்’ என்று எழுதிய பெட்டியில் போடுங்கள். மானா, மிதுன் என்ற மலைமாடா, மனிதனா என்பதை மானுடவியலாளர் பார்த்துக்கொள்வார்.

எலும்போடு கிடைப்பவை

பாராசூட்டுப் பட்டையின் கொக்கிகள் பூட்டிய நிலையில் கிடந்தால் மோதும்போது அதை யாரோ அணிந்திருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. திறந்து கிடந்தால் அது சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம், ஆள் வெளியே குதித்துமிருக்கலாம். பூட்டிய ஜோடிகளை எண்ணினால் குறைந்தது எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று சொல்லலாம். பூட்ஸ் ஜிப், மோதிரம், கடிகாரப் பின்மூடி எல்லாமே குறிக்கப்பட வேண்டும்.

அடையாளத் தகடு கிடைத்தால் முகாமே கொண்டாடும். நிதானம். 1943 ஜூலைக்கு முந்தைய தகட்டில் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும்கூட இருக்கும். பெயர், எண், டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு, ரத்த வகை எல்லாம் இருக்கும். ஆனால் அது பக்கத்திலுள்ள எலும்பு யாருடையது என்று சொல்லாது. 80 ஆண்டு மழை அதையும் உருட்டியிருக்கும். தகட்டின் ஓரத்திலுள்ள வெட்டு, பிணத்தின் பல்லுக்கிடையில் செருகுவதற்கு என்றொரு கதை உலவுகிறது. எழுத்து அடிக்கும் எந்திரத்தில் தகடு நகராமல் பிடிக்க வைத்த வெட்டு அது.

எலும்பை வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, காகிதப் பையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை. பையில் இடத்தின் எண், கட்டம், அடுக்கு, தேதி, எடுத்தவரின் கையெழுத்து. யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். இரவு பூட்டிய பெட்டியில். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதெல்லாம் இரண்டு கையெழுத்து. ஒரு நாள் கையெழுத்து விட்டுப்போனாலும் ‘அன்றிரவு இது யாரிடம் இருந்தது’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும்.

நாடு விட்டு நாடு

எலும்பு கிடைத்த நாட்டின் நிபுணர்களும் அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்து பார்த்து, அது உள்ளூர்க்காரருடையதோ விலங்குடையதோ இல்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே போக முடியும். இந்தியாவில் இந்த வேலையில் இந்திய மானுடவியல் ஆய்வகம் ஈடுபட்டிருக்கிறது. காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தோடு டிபிஏஏ 2021-இல் உடன்பாடு செய்துகொண்டது. டெல்லியில் 2016 ஏப்ரலில் அருணாச்சலத்து எச்சங்கள் ராணுவ மரியாதையோடு விமானமேறின. கொடி போர்த்திய அந்தப் பெட்டிக்குள் இருப்பது சில நேரம் ஒரு கைப்பிடிதான். தூக்குவது எப்போதும் ஆறு பேர்.

ஆய்வகத்தில்

ஹவாயின் ஹிக்கம் தளத்திலும் நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்திலும் டிபிஏஏவின் எலும்பு ஆய்வகங்கள் உள்ளன. எலும்பைப் பார்க்கும் மானுடவியலாளருக்கு எந்த விமானம், யார் யார் என்ற விவரத்தைச் சொல்வதில்லை. தெரிந்தால் கண் அந்தப் பக்கமே போகும்.

முதலில் குறைந்தது எத்தனை பேர் என்ற கணக்கு. இடது முழங்கை மூன்று கிடைத்தால் மூன்று பேர். அடுத்து வயது: காறையெலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுதாக ஒட்டுகிறது, ஒட்டாமல் இருந்தால் ஆள் இளையவர். உயரத்துக்கு மில்ட்ரெட் டிராட்டர் போர் முடிந்ததும் ஹவாயில் இதே வீரர்களின் எலும்புகளை அளந்து உருவாக்கிய சூத்திரம் இன்னும் பயன்படுகிறது. வெள்ளையின ஆண் என்றால் தொடையெலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41 கூட்ட வேண்டும். 45 சென்டிமீட்டர் எலும்பு 168.5 சென்டிமீட்டர் உயரம் தரும், 3.27 கூடவோ குறையவோ இருக்கலாம். அந்தப் பிழைக்குள் விமானக் குழுவில் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள் என்பதால் உயரம் ஆளை விலக்கத்தான் உதவும்.

டிஎன்ஏ டெலவேரின் டோவரிலுள்ள ராணுவ ஆய்வகத்துக்குப் போகிறது. ஒரு கிராமுக்கும் குறைவான எலும்புத்தூள் போதும். வெள்ளையாகச் சுட்டுப்போன எலும்பில் டிஎன்ஏ எதிர்பார்க்க வேண்டாம். கருகியதில் சில நேரம் மிஞ்சும்.

பல பேருடைய எலும்பு கலந்துவிட்டால் வேலை எவ்வளவு நீளும் என்பதற்கு யூஎஸ்எஸ் ஓக்லஹோமா போர்க்கப்பல் சான்று. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய அந்தக் கப்பலின் அடையாளம் தெரியாத 388 பேரின் எச்சங்களை 2015-இல் ஹொனலூலு கல்லறையிலிருந்து தோண்டினார்கள். ஆறு ஆண்டு உழைத்து அவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் கொடுக்க முடிந்தது.

உறவினர் யார் மாதிரி கொடுக்கலாம்

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தவறு செய்கின்றன. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை நாம் மாமா, சித்தப்பா என்று பிரித்துச் சொல்வதால் தமிழில் இதை விளக்குவது எளிது.

பழைய எலும்பில் அதிகம் மிஞ்சுவது தாய்வழி டிஎன்ஏ. அதற்கு வீரரின் உடன்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள், பெரியம்மா, சித்தி, அவர்களின் பிள்ளைகள், தாய்மாமன் ஆகியோர் கொடுக்கலாம். தாய்மாமனின் பிள்ளைகள் கூடாது; அவர்கள் தங்கள் அம்மாவின் வரிசையை எடுத்துக்கொண்டவர்கள். வீரரின் சொந்த மகனும் மகளும்கூட இதற்குப் பயன்பட மாட்டார்கள். மகனே நேரில் வந்து நின்றும் ‘உங்களுடையது வேண்டாம், உங்கள் அத்தையின் மகள் இருக்கிறாரா?’ என்று கேட்டால் அவருக்கு மனம் நோகத்தான் செய்யும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தந்தைவழி டிஎன்ஏவுக்கு வீரரின் மகன், அண்ணன் தம்பி, அவர்களின் மகன்கள், பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் மகன்கள். இருபக்கத்து டிஎன்ஏவுக்கு வீரரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். அப்போது அந்த மகன் தேவைப்படுவார்.

கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும், செலவு கிடையாது. தாய்வழி வரிசை ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை; ஒரே விமானத்தில் இருவருக்கு ஒத்துப்போகலாம். அதனால் ஏறிய எல்லோருடைய குடும்பத்திலும் மாதிரி வாங்க வேண்டும். ஒரு குடும்பம் விட்டுப்போனால் மற்றவர்களின் முடிவும் தொங்கும்.

வீட்டுக்கு

பல், டிஎன்ஏ, உயரம், கிடைத்த இடம் எல்லாம் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்து, மற்றவர்கள் விலக்கப்பட்ட பிறகுதான் மருத்துவ ஆய்வாளர் கையெழுத்திடுவார். ராணுவ அதிகாரி ஒருவர் குடும்பத்தை நேரில் பார்த்து, அறிக்கையைப் பக்கம் பக்கமாக விளக்குவார். எங்கே, எப்போது அடக்கம் என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். ‘ஹாட் ஆஸ் ஹெல்’லில் இருந்த 8 பேரில் ஒருவர் 2017-இல் ஜார்ஜியா மாநிலத்தில் தன் சொந்த ஊர்ப் பக்கம் அடக்கம் செய்யப்பட்டார். எச்சம் சிறிதாக இருந்தாலும் முழு நீளச் சவப்பெட்டிதான். எலும்பைப் போர்வையில் மடித்து வைத்து, அதன்மேல் பதக்கங்கள் குத்திய சீருடையை விரிப்பார்கள். பிரிக்க முடியாத துண்டுகளை, ஏறிய எல்லோர் பெயரையும் ஒரே கல்லில் செதுக்கிச் சேர்த்துப் புதைப்பார்கள்.

அமெரிக்கப் போர்க் கல்லறையில் காணாமல் போனோரின் பெயர்களைச் செதுக்கிய சுவரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ வடிவ வெண்கலக் குமிழ் பதிக்கப்படும். பெயரை அழிப்பதில்லை.

குடும்பம் கையெழுத்திட வேண்டிய தாள்களில் ஒன்றை மட்டும் நின்று படியுங்கள். அதே சரிவிலிருந்து பிறகு இன்னும் ஒரு துண்டு கிடைத்து, அது இவருடையது என்று தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று அதில் கேட்டிருக்கும். துக்க வீட்டில் அவசரத்தில் ஒரு பக்கம் டிக் அடித்துவிடுகிறார்கள். மேல்வரிசையில் தோண்டாத கட்டங்கள் இன்னும் எத்தனை பாக்கி என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டு அதை நிரப்புங்கள்.